இன்கோனல் 718 ராடு: வாங்கும் முன் சர்டிஃபிகேட்டைப் படியுங்கள்

650 டிகிரி செல்சியஸ் வரை பலம் குறையாமல் பளு தாங்கும் போல்ட், ஷாஃப்ட், டர்பைன் டிஸ்க் செய்ய, நிக்கலை அடிப்படையாகக் கொண்ட கலப்புலோகமான இன்கோனல் 718-ஐத் தாராளமாக எடுக்கலாம். ஆனால் கலவையை மட்டும் பார்த்து எடுக்கக் கூடாது. நிக்கல் 50–55, குரோமியம் 17–21, நியோபியம் 4.75–5.5 சதவீதம் என்ற கணக்கு மட்டமான ராடிலும் சரியாகவே வரும். தரம் இருப்பது உருக்கிய விதத்தில்; சர்டிஃபிகேட்டில் அதைத்தான் தேட வேண்டும்.

முதலில் வெற்றிட இண்டக்‌ஷன் உலை. காற்றுபட உருக்கினால் அலுமினியமும் டைட்டானியமும் ஆக்சைடாகவும் நைட்ரைடாகவும் மாறி உள்ளேயே அழுக்காகத் தங்கிவிடும். அந்த வார்ப்பையே எலெக்ட்ரோடாக்கி எலெக்ட்ரோஸ்லாக் முறையிலோ (உருகிய கசடின் சூட்டில்) வெற்றிட ஆர்க்கிலோ (வெற்றிடத்தில் மின்வில்லின் சூட்டில்) மறுபடி உருக்க வேண்டும். வேகமாகச் சுழலும் டிஸ்க்குக்கு இந்த மூன்றும் வரிசையாக நடந்த ராடையே கேளுங்கள்; சாதாரண போல்ட்டுக்கு இரண்டு போதும்.

இதில் தொல்லை தருவது நியோபியம். உலோகம் உறையும்போது அது கடைசித் துளித் திரவத்தில் போய்ச் சேர்கிறது. இங்காட் (வார்த்த கட்டி) பருமனாகி மெதுவாக உறைந்தால், அந்தத் திரவம் வாய்க்காலாக ஓடிப் புள்ளிவரிசையாக இறுகும். இதுதான் ஃப்ரெக்கிள். அங்கங்கே சிதறிய லாவ்ஸ் ஃபேஸை (நியோபியம் குவிந்த, எளிதில் நொறுங்கும் துகள்களை) 1,150–1,200 டிகிரியில் நெடுநேரம் ஊறவைத்துக் கரைத்துவிடலாம். ஃப்ரெக்கிள் எந்த ஹீட் ட்ரீட்மென்டுக்கும் மசியாது. ஆகவே மேக்ரோ எட்ச் (வெட்டுமுகத்தை அமிலத்தில் அரித்துக் குறை தேடும் சோதனை) ரிப்போர்ட் இல்லாத பெரிய விட்டமுள்ள ராடு வேண்டவே வேண்டாம்.

ஏஎம்எஸ் (விமானத்துறைப் பொருள் தர விதி) 5662 என்றால் சொல்யூஷன் (சூடாக்கிக் கரைத்துக் குளிர்விப்பது) மட்டும் செய்தது. 5663 என்றால் ஏஜிங்கும் (மிதமான சூட்டில் வைத்துக் கடினமாக்குவது) முடிந்தது. பாகம் சிக்கலானதாக இருந்தால் 5662-ஐ வாங்கி, ரஃபிங் (முதற்கட்ட வெட்டு) முடித்து, பிறகு ஏஜிங் செய்வதே நல்லது: 718 டிகிரியில் 8 மணி நேரம், மணிக்கு சுமார் 55 டிகிரி வீதம் 621-க்கு இறக்கி அங்கே 8 மணி நேரம், பிறகு காற்றில் ஆறவிடுவது. ஏஜிங்கில் அளவு லேசாகச் சுருங்கும், ஃபினிஷிங்குக்கு அலவன்ஸ் விடுங்கள். கடினம் 36 எச்ஆர்சி-க்குக் (ராக்வெல் சி அளவு) கீழே நின்றால் முதலில் உலையின் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளைச் சந்தேகியுங்கள்.

லேத்தில் இது பிடிவாதக்காரப் பொருள். டூல் வெட்டாமல் உரசினால் மேல்தோல் இறுகி, அடுத்த பாஸில் இன்சர்ட்டின் (டூலின் வெட்டும் முனைத் துண்டின்) ஓரத்தில் பள்ளம் விழும். கார்பைடில் நிமிடத்துக்கு 30 மீட்டர் அளவில் ஆரம்பித்து, ஃபீடைக் குறைக்காமல், வெட்டின் நடுவே டூலை நிறுத்தாமல் ஓட்டுங்கள். கூலன்ட் அழுத்தமாகப் பாய வேண்டும்.

வெல்டிங்கில் முழு மதிப்பெண். மெதுவாகக் கடினமாவதால், ரெனே 41 என்ற இன்னொரு நிக்கல் கலவை போல வெல்டிங்குக்குப் பிந்தைய சூடேற்றத்தில் சட்டென விரிசல் விடுவதில்லை.

650-ஐத் தாண்டி நெடுநேரம் ஓடும் பாகத்துக்கு மட்டும் இது வேண்டாம். பலம் தரும் நுண்துகள்கள் மெல்ல டெல்டா ஃபேஸ் என்ற பலம் தராத வடிவமாக மாறி, பிடிமானம் போய்விடும். அங்கே வாஸ்பலாய் என்ற நிக்கல் கலவையைப் பாருங்கள். பளுவே இல்லாமல் சூடு மட்டும் தாங்கினால் போதும் என்றால் 310 ஸ்டெயின்லெஸ் மலிவாகவே வேலையை முடிக்கும்.