புது மீனுக்கு எந்த வீடு? மூன்று தனிமைத் தொட்டிகளும் ஒரு பஞ்சும்

புதிதாக வாங்கிய மீனைப் பெரிய தொட்டியில் விடுமுன் நான்கு வாரம் தனியே வைத்து நோய் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் தனிமைத் தொட்டி. எங்கள் வீட்டில் இதுவரை அப்படி மூன்று தொட்டிகள் இருந்திருக்கின்றன. முதலாவது கண்ணாடித் தொட்டி. இப்போது அது பட்டர்வொர்த்தில் மச்சான் வீட்டு வரவேற்பறையில் அலங்காரத் தொட்டியாகப் பதவி உயர்வு பெற்று உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது, சந்தையில் மீன்காரர் சும்மா கொடுத்த ஸ்டைரோஃபோம் பெட்டி. ஒரு நள்ளிரவில் ஒழுகி உயிரை விட்டது. மூன்றாவது, மூடி போட்ட பிளாஸ்டிக் சாமான் பெட்டி. மீன் இல்லாத மாதங்களில் தீபாவளிச் சரவிளக்குகள் அதற்குள் சுருண்டு கிடக்கும். மூன்றையும் புழங்கிப் பார்த்த உரிமையில் இதை எழுதுகிறேன். என் வீடு பினாங்கு குளுகோரில் ஆறாவது மாடி. பின்கட்டும் இடவசதியும் உள்ள தரைவீட்டுக்காரர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும்.

தனிமைத் தொட்டி எதற்கு என்று எனக்குப் புரியவைத்தவை பன்னிரண்டு நியான் டெட்ராக்கள். தைப்பூசம் முடிந்த மறுநாள், தண்ணீர்மலை ஏறி இறங்கிய கால்வலியோடு ஒரு கடைக்குள் நுழைந்தேன். வாங்கி வந்ததைப் பையோடு அரை மணி நேரம் மிதக்கவிட்டு, நேரே பெரிய தொட்டியில் அவிழ்த்துவிட்டேன். நான்காம் நாள் காலை ஒரு மீனின் வால் துடுப்பில் ரவை ஒட்டியதுபோல ஒரு புள்ளி. ரவை என்றேதான் நினைத்தேன். யாரோ உப்புமா கிண்டிய கையோடு தீனி போட்டிருக்கிறார்கள் என்று வீட்டில் ஒரு சுற்று விசாரணையும் நடந்தது. மாலையில் அந்த மீன் மரக்கட்டையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் ஏழு மீன்கள்மேல் ரவை. பத்து நாளுக்குள் புதியவற்றில் ஒன்பது போயின. மூன்று வருடம் வளர்த்த கோரிகளில் (தொட்டியின் அடியில் மேயும் சிறு கெளுத்தி வகை) நான்கும் கூடவே போயின.

அந்த ரவைதான் வெண்புள்ளி நோய். அதன் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. அது பெருத்துக் கீழே விழுந்து, கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் பிரிந்து, அந்தக் குஞ்சுகள் மீனைத் தேடி நீந்தும் இடைவெளியில்தான் கொல்ல முடியும். நம் ஊர்த் தொட்டித் தண்ணீர் பெரும்பாலும் 27, 28 டிகிரியில் இருக்கும். இந்தச் சூட்டில் முழுச் சுற்றும் நான்கைந்து நாளில் முடிந்துவிடும். 10 டிகிரிக் குளத்தில் ஒரு மாதத்துக்கு மேல் இழுக்கும். ஆகவே இங்கே இந்த நோய் நீண்ட நாள் ஒளிந்திருக்காது, சீக்கிரம் முகம் காட்டும். அந்த முகத்தைப் பெரிய தொட்டியில் பார்ப்பதா, தனிப் பெட்டியில் பார்ப்பதா என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

கண்ணாடி, ஸ்டைரோஃபோம், பிளாஸ்டிக்

பார்வைக்குக் கண்ணாடியை மிஞ்ச ஒன்றுமில்லை. 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம். 54 லிட்டர் கொள்ளும். துடுப்பை ஒடுக்கிக்கொள்வது, ஒரு பக்கச் செவுள் மட்டும் வேகமாக அடிப்பது, வயிறு உள்வாங்குவது எல்லாம் பக்கவாட்டில்தான் தெரியும். டிஸ்கஸ் போன்ற தட்டையான மீனை மேலிருந்து பார்த்தால் ஒரு கோடுதான் தெரியும். பினாங்கு டிஸ்கஸ் வளர்ப்புக்குப் பெயர்பெற்ற ஊர்; விலை உயர்ந்த டிஸ்கஸ் வாங்குகிறவர் மேற்கொண்டு யோசிக்காமல் கண்ணாடியே வாங்கிவிடலாம். மற்றவர்களுக்கு அது தொல்லை. நிரப்பினால் அறுபது கிலோவைத் தாண்டும் எடை, அதைத் தாங்க ஒரு மேசை, வேலை முடிந்ததும் வைக்க ஓர் இடம். எங்கள் வீட்டில் அந்த இடம் குளியலறைக் கதவுக்குப் பின்னால் இருந்தது. இரண்டு முறை கால் இடித்துக்கொண்ட பிறகு அது மச்சான் வீட்டுக்குப் போனது.

ஸ்டைரோஃபோம் பெட்டிக்கு ஒரு நல்ல குணம் உண்டு: சூடு ஏறி இறங்காது. இரவில் குளிர்சாதனம் ஓடும் படுக்கையறையில் வைப்பதானால், மூன்றில் இதுவே மீனுக்குச் சுகம். ஆனால் உள்ளே நடப்பது எதுவும் வெளியே தெரியாது. நகம் பட்டால் பள்ளம் விழும். கடல்மீன் வாடை எத்தனை தேய்த்தாலும் லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு வாரத்துக்கு அவசரத்துக்கு ஆகும். நான்கு வாரத்துக்கு நம்ப மாட்டேன்.

பிளாஸ்டிக் பெட்டிக்கு நான் கொடுத்தது முப்பது ரிங்கிட்டுக்கும் குறைவு. மூடியில் ‘50 லிட்டர்’ என்று எழுதியிருந்தாலும் 35 லிட்டரோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு மேல் போனால் பக்கங்கள் சோற்றுக்குப் பின் வயிறு போல உப்புகின்றன. மூடியில் காற்றுக்குழாய் போகவும் காற்று வரவும் துளைகள் இட்டிருக்கிறேன். மூடி வேண்டும், ஏனென்றால் புது இடத்துக்கு வந்த மீன் முதல் இரவில்தான் குதிக்கும். மேலிருந்துதான் நன்றாகத் தெரியும் என்பது குறை. கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் அந்தக் குறை பாதி தீரும். இன்னொன்று நானாகக் கண்டுபிடித்தது: வெளிறிய பெட்டியின் அடியில் கறுப்பு அட்டை ஒன்றை வைக்க வேண்டும். குடல் ஒட்டுண்ணி இருக்கும் மீன் வெள்ளை நூல் போலக் கழிக்கும். வெளிறிய தரையில் அது கண்ணில் படாது, கறுப்பில் பளிச்சென்று தெரியும். மணல் வேண்டாம், செடி வேண்டாம். ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டு இரண்டு போதும்.

என் ஓட்டு பிளாஸ்டிக்குக்கு. ஆனாலும் பெட்டி எது என்ற வழக்கில் நாம் செலவழிக்கும் நேரத்தில் பாதியை அடுத்த விஷயத்துக்குக் கொடுத்திருந்தால் என் கப்பி மீன்கள் பிழைத்திருக்கும்.

பழைய பஞ்சு, புதுப் பஞ்சு

வெண்புள்ளி அனுபவத்துக்குப் பிறகு ரோஷத்தோடு அந்தக் கண்ணாடித் தொட்டியை வாங்கினேன். புது வடிகட்டி, புதுத் தண்ணீர், எட்டு கப்பி. ஐந்தாம் நாள் எல்லாம் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடின. நோய்தான் என்று முடிவு கட்டி மெத்திலீன் நீலத்தை ஊற்றினேன். மறுநாள் மூன்று மிதந்தன. அப்போதுதான் பரிசோதனைக் குப்பியை எடுத்து அமோனியா பார்க்கத் தோன்றியது. மஞ்சளாக நிற்க வேண்டிய நீர் சில நிமிடங்களில் வாழையிலைப் பச்சையாக மாறியது. மீனுக்கு நோயே இல்லை. தன் கழிவிலேயே அது மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

அமோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்கள் வடிகட்டியின் புதுப் பஞ்சில் குடியேறச் சில வாரங்கள் ஆகும். மீன் வந்த அன்று பஞ்சை வாங்குவது, கல்யாணத்தன்று நெல் விதைப்பது போலத்தான். அதனால் இப்போது பெரிய தொட்டியின் பின்மூலையில் ஒரு பஞ்சு வடிகட்டி வேலையில்லாமலே ஓடிக்கொண்டிருக்கும். புது மீன் வரும் நாளில் அதைத் தூக்கிப் பிளாஸ்டிக் பெட்டியில் போடுகிறேன்; அன்றே அது வேலை செய்கிறது. மீன் நலமாக நான்கு வாரம் முடித்தால் பஞ்சு திரும்பிப் போகும். நோய் வந்துவிட்டால் நேரே குப்பைக்கு. பத்து ரிங்கிட் பஞ்சுக்காகப் பெரிய தொட்டியைப் பணயம் வைக்கக் கூடாது.

விளிம்பில் தொங்கும் வடிகட்டியோடு இதை ஒப்பிடவே வேண்டியதில்லை. அது பிளாஸ்டிக் பெட்டியின் வளையும் விளிம்பில் சரியாக உட்காராது. நீரோட்டம் களைத்த மீனை அலைக்கழிக்கும். உள்ளே இருக்கும் கரி நாம் போடும் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். பஞ்சு வடிகட்டி போடும் குமிழிக்கு இங்கே இன்னொரு தேவையும் இருக்கிறது. 20 டிகிரி நீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். நம் 28 டிகிரி நீர் 8-க்கும் கீழேதான். காற்றுப் பம்பை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள். மின்சாரம் போனால் நீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கும். எங்கள் சமையலறைத் தரைக்கும் ஒரு பம்புக்கும் இது தெரியும்.

எப்போதும் ஓடுவதா, தேவைக்கு எடுப்பதா

வருடம் முழுவதும் தனிமைத் தொட்டியை ஓடவிட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். மாதம் இரு முறை மீன் வாங்குகிறவருக்குச் சரி. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை வாங்குகிற எனக்கு அது வீண் வேலை. மீன் இல்லாமல் நிற்கும் தண்ணீருக்கு வேறு விருந்தாளியும் வந்துவிடும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க நம் வெப்பத்தில் ஒரு வாரம், பத்து நாள் போதும். சுகாதார அதிகாரி கதவைத் தட்டிக் கொசுப்புழுவைக் கண்டுபிடித்தால், நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 500 ரிங்கிட் வரை கம்பவுண்ட் எனும் சமரச அபராதம் வரலாம். பால்கனியில் குளோரின் போகப் பிடித்து வைக்கும் வாளிக்கும் இதே கதிதான். அதனால் நான் வாளி வைப்பதில்லை, ஆன்ட்டி குளோரின் கட்டிகளையே போடுகிறேன்.

நீர்த்தடை நாட்களுக்கு மட்டும் விதிவிலக்கு. 2024 ஜனவரியில் வால்வு மாற்றும் பணிக்காகப் பினாங்கில் நான்கு நாள் நீர்த்தடை அறிவிக்கப்பட்டபோது, குடிநீருக்கு அடுத்தபடியாக மூடியோடு இரண்டு புட்டித் தண்ணீர் மீனுக்கென்று ஒதுக்கினேன். தனிமைப் பெட்டியில் இரண்டு நாளுக்கு ஒருமுறை கால்பங்கு நீர் மாற்ற வேண்டும். நீர்த்தடை அறிவிப்பு வந்துவிட்டால் அந்த மாதம் புது மீனே வாங்காதிருப்பது இன்னும் நல்லது.

மருந்தை முன்பே போடுவதா

இங்கேதான் சண்டை. ஒரு கட்சி, மீன் வந்த அன்றே ஒட்டுண்ணி மருந்து, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுவிடச் சொல்கிறது. இன்னொரு கட்சி வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்கிறது. நான் பார்க்கிற கட்சி. பயணத்தில் களைத்து வந்த மீனுக்கு மருந்தும் ஒரு சுமை. மெத்திலீன் நீலம் பஞ்சின் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும்; அப்புறம் அமோனியா கதை மறுபடி முதலிலிருந்து. கடைகளில் பெயர்ச்சீட்டு இல்லாமல் தரும் மஞ்சள் பொடியை நான் தொடுவதே இல்லை. ஆன்டிபயாடிக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால், தேவைப்படும் நாளில் அது வேலை செய்யாமல் போகும்.

அடையாளம் தெரிந்த பிறகு குறிபார்த்து அடிக்கலாம். கப்பியின் ஆசனவாயில் சிவப்பு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் அது கமல்லானஸ் புழு. அதற்கு லெவமிசோல் என்ற மருந்து கேட்கும், பிராசிகுவான்டெல் என்ற மருந்து கேட்காது. செவுள் புழுவுக்கும் நாடாப் புழுவுக்கும் பிராசிகுவான்டெல். வெண்புள்ளிக்குச் சூட்டை ஏற்றும் வழக்கம் உண்டு, ஆனால் வாயோரம் வெள்ளைப் பஞ்சு போலத் தெரிந்தால் ஏற்றாதீர்கள். அது பெரும்பாலும் காலம்னாரிஸ் பாக்டீரியா, சூட்டில் இன்னும் வேகமாகப் பரவும்.

கல் உப்பு நல்லது, அளவோடு. லிட்டருக்கு 1 கிராம், அதாவது என் பெட்டிக்கு 35 கிராம். கண்ணளவு வேண்டாம், சமையல் தராசில் நிறுங்கள். ஆவியாகிப் போன நீருக்குப் பதில் ஊற்றும்போது உப்பு சேர்க்கக் கூடாது. நீர்தான் ஆவியாகும், உப்பு உள்ளேயே இருக்கும். கோரிகளும் லோச்சுகளும் உப்பை அவ்வளவாகத் தாங்கா.

கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) சருகு பற்றிக் கேட்பார்கள். தஞ்சோங் பூங்கா கடற்கரையோரம் பொறுக்கியது எங்கள் வீட்டிலும் ஒரு பை இருக்கிறது. சண்டைமீனுக்கு அந்தத் தேநீர் நிறத் தண்ணீர் பிடிக்கும். வெண்புள்ளிக்கு அது மருந்தல்ல. தனிமைப் பெட்டியில் நீரைக் கலங்கடித்துப் பார்வையையும் கெடுக்கும்.

வலையும் நீர் உறிஞ்சும் குழாயும் தனியாக இருக்கட்டும். முதலில் பெரிய தொட்டி வேலை, பிறகுதான் தனிமைப் பெட்டி. ஈரக் கையோடு திரும்பி வராதீர்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை மாட்டிக்கொள்ளுங்கள், மீன் காசநோய்க் கிருமி மனிதத் தோலிலும் புண் வைக்கும்.

இப்போது பெட்டியில் ஆறு கோரிகள் இருக்கின்றன. இன்று பதினேழாம் நாள். ஒன்றின் மீசை கொஞ்சம் குட்டையாகத் தெரிகிறது. கடையிலேயே தேய்ந்திருக்கலாம், தெரியாது. நேற்று மச்சான் வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாகத்தானே இருக்கின்றன, இன்னும் எதற்குப் பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இன்னும் பதினொரு நாள் இருக்கிறது என்றேன்.