நன்யுகி பூமத்திய ரேகை நீர்ச்சுழல் காட்சி: காசு கொடுக்கலாம், நம்ப வேண்டாம்

கென்யாவில் நைரோபியிலிருந்து வடக்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போனால் நன்யுகி. கென்யா மலையின் அடிவாரத்தில், கடல்மட்டத்துக்கு 1,900 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஊர். அங்கே நெடுஞ்சாலை பூமத்திய ரேகையைத் தாண்டும் இடத்தில் ஆப்பிரிக்க வரைபடம் போட்ட பலகை ஒன்று நிற்கிறது. சுற்றிலும் கைவினைப் பொருள் கடைகள். சம்புரு சரணாலயத்துக்குப் போகும் சுற்றுலா வண்டிகள் இங்கே நின்றுவிட்டுத்தான் போகும். இறங்கியதும் ஜக்கும் கிண்ணமுமாக ஒருவர் வந்துவிடுவார். இந்த விமர்சனம் அவர் காட்டும் காட்சியைப் பற்றியது.

காட்சி இதுதான். அடியில் சிறு துளையுள்ள கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, துளையை விரலால் அடைத்துக்கொண்டு கோட்டிலிருந்து வடக்கே இருபது மீட்டர் போல நடப்பார். விரலை எடுத்ததும் தண்ணீர் இறங்கும், மேலே மிதக்கும் தீக்குச்சி ஒரு பக்கமாகச் சுற்றும். தெற்கே அதே தூரம் போனால் குச்சி எதிர்ப்பக்கம் சுற்றும். கடைசியில் கோட்டின் மேலேயே நின்று காட்டுவார். குச்சி சுற்றாது, தண்ணீர் நேராக இறங்கும். எல்லாம், நகரும் காற்றையும் நீரையும் பூமியின் சுழற்சி பக்கவாட்டில் திருப்பும் கொரியாலிஸ் விளைவு என்று விளக்கம் சொல்வார். பத்து, பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கோட்டைத் தாண்டியதற்குப் பெயர் எழுதிய சான்றிதழும் உண்டு, அதற்குத் தனிக் காசு. இரண்டுக்கும் சேர்த்து எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். முடிந்த பிறகு பேசினால் பேரம் அவர் கையில்.

கைத்திறனுக்குப் பத்துக்கு எட்டு தரலாம். இயற்பியலுக்குச் சுழியம்.

கொரியாலிஸ் விளைவு பொய் அல்ல. வங்கக் கடல் புயல் இடஞ்சுழியாகவும் (கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்), மடகாஸ்கர் பக்கத்துப் புயல் வலஞ்சுழியாகவும் (கடிகார முள்ளின் திசையில்) சுற்றுவது அதனால்தான். ஆனால் அதன் பலம் அட்சரேகையின் சைன் மதிப்பைப் பொறுத்தது: துருவத்தில் முழு அளவு, பூமத்திய ரேகையில் பூஜ்யம், கோட்டை ஒட்டிய இடங்களில் பூஜ்யத்தை ஒட்டிய அளவு. அதனால்தான் கோட்டின் இருபுறமும் 5 டிகிரிக்குள் புயல் உருவாவதே அபூர்வம். 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்கு அருகே ஏறத்தாழ 1.5 டிகிரி வடக்கில் உருவான வாமெய் புயலை வானிலையாளர்கள் இன்றும் எடுத்துப் பேசுவது இந்தக் காரணத்தால். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள காற்றையே திருப்பத் திணறும் விளைவு, கிண்ணத்துத் தண்ணீரை ஒரு நிமிடத்தில் திருப்பிவிடும் என்கிறார்கள்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். கோட்டிலிருந்து 20 மீட்டர் என்பது 0.00018 டிகிரி. துருவத்தில் நிற்பவரின் காலடித் தரை ஒரு நாளில் ஒரு முழுச் சுற்றுத் திரும்புகிறது. நன்யுகியில் அந்த 20 மீட்டர் தள்ளி நிற்பவரின் தரை அப்படி ஒரு சுற்றுத் திரும்ப ஏறக்குறைய 870 ஆண்டு ஆகும். தண்ணீர் துளையை நோக்கி ஒடுங்கும்போது சுழற்சி வேகமெடுக்கும் என்பதும் உண்மைதான், கைகளை விரித்துச் சுற்றும் குழந்தை கைகளை மடக்கியதும் வேகமாகச் சுழல்வது போல. 30 செ.மீ. அகலக் கிண்ணம், 1 செ.மீ. துளை என்று வைத்தால் ஆரம் 30 மடங்கு சுருங்குகிறது. சுழற்சி அதன் வர்க்கமாக, 900 மடங்கு ஏறுகிறது. 870 ஆண்டை 900ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட ஓராண்டு. அதாவது பூமியை மட்டும் நம்பி விட்டால், துளைக்கு மேலே தீக்குச்சி ஒரு சுற்று முடிக்க ஓராண்டு ஆகும். மூன்று லிட்டர் கிண்ணம் காலியாக ஆவதோ ஒரு நிமிடம்.

பிறகு குச்சி எதனால் சுற்றுகிறது? தண்ணீரில் முன்பே இருக்கும் அசைவால். கிண்ணத்தின் ஓரத்தில் தண்ணீர் விநாடிக்கு 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் கண்ணுக்கு அசையாமல் இருப்பதாகவே தெரியும். அந்த வேகத்தில் ஒரு சுற்றுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே 900 மடங்கு இதற்கும் பொருந்தும் என்பதுதான் விஷயம். துளை அருகே அது விநாடிக்கு ஏறத்தாழ ஒரு சுற்று. கண்ணுக்கே தெரியாத இந்த மிச்ச அசைவு, அந்த இடத்தில் பூமி தரும் சுழற்சியைப் போல ஏறக்குறைய 3 கோடி மடங்கு.

அந்த மிச்ச அசைவை வேண்டிய திசையில் ஏற்படுத்துவதில்தான் காட்டுபவரின் திறமை இருக்கிறது. அதற்கு இரண்டு வழிகள் போதும். ஒன்று, உடம்பைத் திருப்புவது. கோட்டிலிருந்து கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நடந்துபோய், அங்கே கிண்ணத்தோடு திரும்பிக் கூட்டத்தைப் பார்க்கிறார். வலப்பக்கமாகத் திரும்பினால் தண்ணீருக்கு வலஞ்சுழி கிடைக்கிறது, இடப்பக்கமாகத் திரும்பினால் இடஞ்சுழி. சதுரமான அல்லது நீள்சதுரமான பாத்திரம் என்றால் மூலைகள் தண்ணீரைப் பிடித்துத் தள்ளும், இது இன்னும் நன்றாக வேலை செய்யும். வட்டக் கிண்ணத்தில் ஓரம் வழுக்கிவிடுவதால் இரண்டாவது வழி கைகொடுக்கும்: ஜக்கிலிருந்து நடுவில் ஊற்றாமல் ஓரமாக, சற்றே சாய்த்து ஊற்றுவது. எந்த ஓரம் என்பதே திசையைத் தீர்மானித்துவிடும். பார்ப்பவர்கள் எல்லோரும் குச்சியைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது அவருடைய பாதங்களை.

கோட்டின் மேல் குச்சி சுற்றாமல் இருப்பதுதான் மூன்றிலும் நுணுக்கமானது. உடம்பைத் திருப்பாமல், நடுவில் மெதுவாக ஊற்றி, கொஞ்சம் பேசிக்கொண்டே தண்ணீரை அடங்க விட வேண்டும். சுழல் பலமாவது தண்ணீர் மட்டம் மிகவும் இறங்கிய பிறகுதான்; ஆகவே கடைசி இரண்டு விரற்கடை இருக்கும்போதே துளையை அடைத்துவிட்டால் நேராக இறங்கியதாகவே தெரியும்.

சில காட்சிகளில் வடக்கே வலஞ்சுழியாகவும் தெற்கே இடஞ்சுழியாகவும் காட்டுகிறார்கள். வடக்கு அரைக்கோளத்தில் நடுவை நோக்கி ஒடுங்கும் எதுவும், புயலானாலும் தண்ணீரானாலும், மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகத்தான் சுற்ற வேண்டும். ஏமாற்றுவது என்று ஆன பிறகு திசையையாவது சரியாகக் காட்டியிருக்கலாம்.

நேரில் போகிறவர்கள், சண்டை போடாமல், இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். வடக்கே நின்று திரும்பும்போது எதிர்ப்பக்கமாகத் திரும்பச் சொல்லுங்கள். குச்சியும் எதிர்ப்பக்கம் சுற்றும். அல்லது கிண்ணத்தை ஒரு முக்காலியில் வைத்து, துளையைக் கீழிருந்து அடைத்து, காற்று படாமல் துணியால் மூடி, அரை மணி நேரம் யாரும் தொடாமல் விட்டு, பிறகு திறக்கச் சொல்லுங்கள். அதற்கு அவர் ஒத்துக்கொள்ள மாட்டார், அடுத்த வண்டி வந்துவிடும். அவர் ஒத்துக்கொண்டாலும் ஒரு முறை பார்த்து முடிவு கட்டக்கூடாது. தற்செயலாகச் சரியான திசை வர எப்போதும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஐந்து முறை தொடர்ந்து வருவதற்கு 32இல் ஒன்று.

கோடு எங்கே என்பதைப் பலகையை நம்பாமல் கைபேசியிலேயே பார்க்கலாம். வரைபடச் செயலியில் ஆயங்களை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) தசம டிகிரியில் காட்டும்படி மாற்றுங்கள். நான்காவது தசம இடத்தில் ஒன்று கூடினால் தரையில் 11 மீட்டர். திறந்த வானத்தின் கீழ் கைபேசியே நான்கைந்து மீட்டர் பிசகும், எனவே எண் பூஜ்யத்தைத் தொட்டுத் தொட்டு ஆடும். வடக்கு தெற்காக மாறும் அந்த ஆட்டத்தைப் பார்ப்பது, உண்மையைச் சொன்னால், கிண்ணத்தைவிட சுவாரசியம்.

இதே சரக்கு வேறு இடங்களிலும் கிடைக்கிறது. உகாண்டாவில் கம்பாலாவிலிருந்து மசாகா போகும் சாலையில் கயாப்வேயில் வெள்ளை வளையச் சின்னத்தின் பக்கத்தில் தொட்டிகள் தாங்கிகளில் நிலையாக நிற்கும். உடம்பைத் திருப்பும் வித்தைக்கு அங்கே இடமில்லை. ஊற்றும் விதத்திலேயே எல்லாம் முடிகிறது. ஈக்வடாரில் கீட்டோவுக்கு வடக்கே இருக்கும் 30 மீட்டர் உயர நினைவுச்சின்னத்தின் மஞ்சள் கோடு, செயற்கைக்கோள் அளவீட்டின்படி உண்மையான கோட்டுக்கு ஏறத்தாழ 240 மீட்டர் தெற்கே கிடக்கிறது. அதற்குப் பக்கத்திலுள்ள இன்டிஞான் அருங்காட்சியகத்தில் நகர்த்தக்கூடிய தொட்டியை வைத்து இதே காட்சி. 240 மீட்டர் தள்ளினாலும் 870 ஆண்டு 72 ஆண்டாகக் குறையும், அவ்வளவுதான். ஆணித் தலையில் முட்டையை நிற்க வைப்பதும் அங்கே ஒரு அம்சம். பொறுமை இருந்தால் மயிலாப்பூரிலும் நிற்கும்.

பூமத்திய ரேகையில் எடை குறையும் என்று சொல்வது மட்டும் பாதி நிஜம். புவியீர்ப்பு முடுக்கம் துருவத்தில் 9.832, பூமத்திய ரேகையில் 9.780. துருவத்திலிருந்து வருபவர் 60 கிலோ என்றால் சுருள்வில் தராசில் 300 கிராம் போலக் குறைவாகக் காட்டும். சென்னையிலிருந்து வருபவருக்கு அட்சரேகையால் மட்டும் 20 கிராம்கூடக் குறையாது.

பூமத்திய ரேகையில் நேர்மையாகக் காட்டக்கூடிய ஒன்று இருக்கிறது, யாரும் காட்டுவதில்லை. கிடைமட்டமாக ஓடுவதை அங்கே பூமி பக்கவாட்டில் திருப்பாது. ஆனால் மேலிருந்து விழுவதைக் கிழக்கே ஒதுக்கும், அதுவும் மற்ற எந்த அட்சரேகையையும்விட அதிகமாக. 100 மீட்டர் உயரத்திலிருந்து காற்றின் தொந்தரவு இல்லாமல் விழும் குண்டு 2.2 செ.மீ. கிழக்கே தள்ளி விழ வேண்டும். ஒரு மீட்டரிலிருந்து போட்டால் ஒதுக்கம் 0.02 மில்லிமீட்டர். சாலையோரத்தில் 100 மீட்டர் கோபுரம் கட்ட யாருக்கும் முதலீடு இல்லை என்பது புரிகிறது.

தொட்டித் தண்ணீரில் பூமியின் சுழற்சியைப் பார்ப்பதும் முடியாத காரியமல்ல. 1962இல் அமெரிக்காவில் பாஸ்டனை ஒட்டிய எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆஷர் ஷாப்பிரோ செய்து காட்டினார். 1965இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் செய்து எதிர்த்திசையைப் பார்த்தார்கள். ஷாப்பிரோவின் ஏற்பாட்டில் ஒவ்வொரு உறுப்புக்கும் காரணம் உண்டு. தொட்டி 1.8 மீட்டர் அகலம், தண்ணீர் 15 செ.மீ. ஆழம், சரியாக நடுவில் 1 செ.மீ.க்குச் சற்றுக் குறைவான துளை. துளையோடு நீண்ட குழாயை இணைத்து அடைப்பானைக் குழாயின் மறுமுனையில் வைத்தார், திறக்கும்போது தொட்டி அசையாமல் இருக்க. தண்ணீரை வேண்டுமென்றே வலஞ்சுழியாக ஊற்றினார், மிச்ச அசைவு இருந்தால் எதிர்பார்க்கும் திசைக்கு எதிராகவே இருக்கட்டும் என்று. மேலே பிளாஸ்டிக் விரிப்பு, அறை வெப்பநிலை சீராக, 24 மணி நேரம் காத்திருப்பு. ஓரிரு மணி நேரத்திலேயே திறந்தபோது தண்ணீர் ஊற்றிய திசையிலேயே சுற்றியது. முழு நாளும் விட்டபோது முதல் 12 முதல் 15 நிமிடம் மிதவை அசையவே இல்லை. பிறகு இடஞ்சுழியாகத் தொடங்கி, காலியாகும் நேரத்தில் மூன்று நான்கு விநாடிக்கு ஒரு சுற்று. தொட்டியின் ஆரத்தையும் துளையின் ஆரத்தையும் வைத்து மேலே போட்ட கணக்கையே போட்டால் 4 விநாடிதான் வருகிறது.

சென்னையில் இதைச் செய்ய நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: 13 டிகிரியில் விளைவு பாஸ்டனில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு. அதே தொட்டியில் கடைசி வேகம் 12 விநாடிக்கு ஒரு சுற்று என்ற அளவில்தான் இருக்கும். ஆகவே காத்திருப்பை இரண்டு நாளாக்குங்கள், மின்விசிறியையும் ஏசியையும் அணைத்துவிடுங்கள், வெயில் ஒரு பக்கச் சுவரில் படும் அறையைத் தவிருங்கள். ஒரு பக்கம் சூடானால் தண்ணீர் தானாகவே சுற்றத் தொடங்கும். காற்றடைத்த குழந்தைகள் நீச்சல் தொட்டி போதும், அடிப்பகுதி சமதளமாக இருக்க வேண்டும், மடிப்பு இருந்தால் அந்த மடிப்பின் திசைதான் கிடைக்கும். இதே தொட்டியை நன்யுகியில் கோட்டிலிருந்து 20 மீட்டரில் வைத்தால் ஒரு சுற்றுக்குப் பத்து நாள் ஆகும்.

சம்புரு போகும் வழியில் என்றால் இருபது நிமிடம் ஒதுக்கலாம். இதற்காகவே நைரோபியிலிருந்து வருவது வீண். மதியத்துக்கு மேல் மலையை மேகம் மூடிவிடுவது வழக்கம், காலையில் வந்தால் படத்தில் மலையும் விழ வாய்ப்பு உண்டு. சான்றிதழ் வாங்கினால் பெயரை ஆங்கிலத்தில் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், காதில் கேட்டபடி எழுதினால் தமிழ்ப் பெயர்கள் அடையாளம் தெரியாமல் போகும்.