பி.எஸ்சி. வேதியியல்: அல்லைடு கணிதமா, விலங்கியலா?

அக்கா மகளுக்கு பி.எஸ்சி. வேதியியலில் இடம் கிடைத்துவிட்டது. கட்டணம் கட்டிய கையோடு ஒரு தாளைக் கொடுத்து, அல்லைடு பாடம், அதாவது வேதியியலோடு சேர்த்துப் படிக்கும் துணைப் பாடம், எது என்று டிக் அடித்து மறுநாள் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டே கட்டங்கள்: கணிதம், விலங்கியல். ராத்திரி ஒன்பதரைக்குப் போன் வந்தது. "மாமா, சீனியர் அக்காங்கல்லாம் ஜுவாலஜிதான் எடுக்கச் சொல்றாங்க. படம் வரைஞ்சே பாஸாயிடலாமாம். மேத்ஸ் எடுத்தா அரியர்தானாம்."

பதினாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் விடுதியிலும் இதே பேச்சுதான் ஓடியது. நான் கணிதம் எடுத்தேன். என் அறைத்தோழன் விலங்கியல் எடுத்தான். மூன்று வருஷம் ஒரே அறை, ஒரே மேசை என்பதால் அவன் பட்டதும் எனக்குத் தெரியும். ஆனாலும் நான் கணிதத்தின் பக்கம்தான் சாய்வேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பி.எஸ்சி.யின் கட்டமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். ஆறு செமஸ்டர். பகுதி ஒன்றில் தமிழ் அல்லது வேறு மொழி, இரண்டில் ஆங்கிலம், மூன்றில் முதன்மைப் பாடமும் அல்லைடும், நான்கில் சுற்றுச்சூழல், மதிப்புக் கல்வி, திறன் பாடங்கள், ஐந்தில் என்.எஸ்.எஸ். மாதிரியான சமாச்சாரங்கள். இதில் மாணவர் தன் விருப்பத்துக்கு எடுப்பதற்கு இருக்கும் பெரிய இடம் அல்லைடுதான். (புதிய பாடத்திட்டத்தில் பல இடங்களில் அதன் பெயர் எலெக்டிவ் ஆகிவிட்டது. வாத்தியார்கள் வாயில் இன்னும் அல்லைடுதான்.) இரண்டு அல்லைடில் ஒன்று இயற்பியல், அதில் பேச ஒன்றுமில்லை. இன்னொன்றுக்குத்தான் இந்த டிக். சில கல்லூரிகளில் விலங்கியலுக்குப் பதில் தாவரவியல் இருக்கும். நான் விலங்கியலைப் பற்றிச் சொல்வதில் முக்கால்வாசி அதற்கும் பொருந்தும்.

பிளஸ் டூவில் கணிதமே படிக்காமல் பியூர் சயின்ஸ் குரூப்பிலிருந்து வருகிறவர்களுக்குப் பல கல்லூரிகள் அல்லைடு கணிதம் தருவதில்லை. அவர்களுக்கு முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. இந்த அலசல் பிளஸ் டூவில் கணிதமும் உயிரியலும் படித்து, இரண்டு கதவும் திறந்திருக்கும் முதல் குரூப் பிள்ளைகளுக்கானது.

விலங்கியலுக்கு நியாயம் செய்துவிடுகிறேன். மதிப்பெண் வரும், சீனியர்கள் சொல்வது பொய்யில்லை. முதுகெலும்பற்றவை, முதுகெலும்புள்ளவை, கொஞ்சம் உடலியங்கியல், கொஞ்சம் மரபியல் என்று வரும். படம், பாகம் குறித்தல், நான்கு பத்தி விளக்கம் என்று எழுதினால் யாரும் பூஜ்யம் போட முடியாது. பல பல்கலைக்கழகங்களில் பகுதி மூன்றின் சராசரியில் அல்லைடு மதிப்பெண்ணும் சேர்வதால் அந்த லாபம் சின்னதும் இல்லை. ஆனால் செய்முறை இருக்கிறது. கணிதத்துக்கு அது கிடையாது. வாரம் ஒரு மதியம் என் அறைத்தோழன் ஃபார்மலின் வாடையோடு வருவான். தவளை அறுக்கிற காலமெல்லாம் மலையேறிவிட்டது; அவன் செய்தது கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளைப் பிரித்து ஸ்லைடில் வைப்பதும், ரெக்கார்டு நோட்டில் ஹெச்.பி. பென்சிலால் அதை வரைவதும்தான். செய்முறைத் தேர்வுக்கு முந்தின ராத்திரி ஸ்பாட்டர், அதாவது பார்த்ததும் பெயர் சொல்ல வேண்டிய மாதிரிகள், படிப்பான். பாட்டில்கள் வரிசையாக இருக்கும், மணி அடித்தால் அடுத்த பாட்டிலுக்கு நகர வேண்டும். "அட்டையையும் நாடாப்புழுவையும் மாத்தி எழுதிட்டேன்டா" என்று ஒருமுறை தலையில் கைவைத்து உட்கார்ந்தான். அப்படியும் 80க்கு மேல் வாங்கினான்.

அதே செமஸ்டரில் எனக்குக் கணிதத்தில் 43. தேர்ச்சிக்கு 40. எக்ஸ்பொனென்ஷியல் தொடர், கெய்லி-ஹாமில்டன் தேற்றம், லெய்ப்னிட்ஸ் சூத்திரம் எல்லாம் போட்டுத் தாளித்துவிட்டார்கள். வகுப்பெடுப்பது கணிதத் துறை. அவர்களைப் பொறுத்தவரை நாங்கள் வெளியூர் விருந்தாளிகள். இது வேதியியலில் எங்கே வரும் என்று ஒருநாளும் யாரும் சொல்லவில்லை. உண்மையில் அந்தப் பாடத்திட்டத்தில் பாதி எங்கேயும் வராது. லாப்லாஸ் உருமாற்றத்தை அந்தத் தேர்வுக் கூடத்தோடு விட்டவன், இன்றுவரை அது என் எதிரில் வந்ததில்லை.

மீதிப் பாதிதான் விஷயம். மூன்றாம் ஆண்டில் இயல்வேதியியல் (பிசிக்கல் கெமிஸ்ட்ரி) இறுகும். வினைவேகவியல், வெப்ப இயக்கவியல், குவாண்டம் எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும். மேக்ஸ்வெல் தொடர்புகளுக்குப் பகுதி வகைக்கெழு தெரிந்திருக்க வேண்டும். பெட்டிக்குள் அடைபட்ட துகளுக்கு ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைத் தீர்த்தால் சைன் வந்து நிற்கும்; அது ஏன் வருகிறது என்று தெரியாவிட்டால் வெறும் கோலம்தான். எம்.எஸ்சி. போனால் குரூப் தியரி. தண்ணீர் மூலக்கூறின் சமச்சீரை அணிகளாக (மேட்ரிக்ஸ்) எழுதச் சொல்வார்கள்.

என் அறைத்தோழனும் முதல் குரூப்தான். பிளஸ் டூ கணிதத்தில் 200க்கு 180க்கு மேல் எடுத்தவன். ஆனால் இரண்டு வருஷம் கணிதத்தைத் தொடவே இல்லை. ஐந்தாம் செமஸ்டரில் முதல்படி வினையின் வேகச் சமன்பாட்டை மனப்பாடச் செய்யுள் மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தான். அதில் 2.303 என்று ஓர் எண் வரும். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "அது ஒரு மாறிலிடா, வாயு மாறிலி மாதிரி" என்றான். இயல் மடக்கையை (லாக்) பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கையாக மாற்றும்போது வரும் எண் அது, வேதியியலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவனுக்கு அதை எடுத்துச் சொல்ல அரை மணி நேரம் ஆனது. தேர்வில் இரண்டாம்படி வினையைக் கேட்டார்கள். இரண்டு வினைபொருள்களின் தொடக்கச் செறிவும் ஒன்றாக இருந்தால் கணக்கு எளிது, அதை மனப்பாடம் செய்திருந்தான். வந்ததோ வேறுவேறு செறிவு. பகுதிப் பின்னமாகப் பிரித்துத் தொகையிட வேண்டும். அந்தப் பக்கத்தை அப்படியே வெற்றாக விட்டுவிட்டு வந்தான்.

எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுவது இதுதான்: எந்தப் பாடத்தை விட்டால் பின்னால் ஈடுகட்டலாம்? மதிப்பெண், செய்முறை, வாத்தியார் எல்லாம் அப்புறம்தான்.

எம்.எஸ்சி.யில் உயிர்-கனிம வேதியியல் வந்தது. ஹீமோகுளோபின், குளோரோஃபில், நைட்ரஜனை நிலைநிறுத்தும் நொதி. பிளஸ் ஒன், பிளஸ் டூ உயிரியல் புத்தகங்களை எடுத்து இரண்டு வாரம் வாசித்தேன், போதுமானதாக இருந்தது. உயிரியலை எந்தப் பக்கத்திலிருந்தும் திறந்து படிக்கலாம். நெஃப்ரானைப் படிக்காதவன் மரபணுவைப் படிக்க முடியாது என்று இல்லை. என் அறைத்தோழனும் எம்.எஸ்சி. சேர்ந்தான், வேறு ஊரில். அவனும் குரூப் தியரியைப் பிடித்துவிட்டான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு அணியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அணிக்கு அணிக்கோவை, அதற்குப் பிறகு ஐகன் மதிப்பு. கணிதம் மாடிப்படி மாதிரி, இடையில் இரண்டு படி இல்லையென்றால் தாண்டிக் குதிக்க முடியாது. கையும் பழக வேண்டும். வாசித்தால் புரிகிற மாதிரி இருக்கும், பேனாவை எடுத்தால் வராது. அந்த முதல் செமஸ்டர் முழுக்க அவனுக்கு அதிலேயே போயிற்று. மற்ற பாடங்களில் விட்ட மதிப்பெண்ணைப் பிறகு அவனால் பிடிக்க முடியவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு உயிரியல் இரண்டு வாரத்தில் வந்ததற்கு, பள்ளியில் அதைப் படித்திருந்ததும் ஒரு காரணம். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பிலிருந்து வருகிற பிள்ளைக்கு அவ்வளவு சுளுவாக இருக்கும் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன்.

மேற்படிப்புக்கு வருவோம். ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு எழுத வேண்டும். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். அதன் வேதியியல் தாளிலேயே கணிதத்துக்கென்று தனிப் பகுதி உண்டு: சார்புகள், பெரும-சிறுமம், தொகையீடு, வகைக்கெழுச் சமன்பாடு, வெக்டர், அணி, நிகழ்தகவு. 60 கேள்விகளில் 20க்கு விடையாக எண்ணைத்தான் எழுத வேண்டும், தேர்ந்தெடுக்க வாய்ப்புகள் எதுவும் தரமாட்டார்கள். இயல்வேதியியல் கணக்கு கையில் ஓடாதவர்கள் அங்கேதான் உட்கார்ந்துவிடுவார்கள். நானும் எழுதினேன். தேறினேன், ஆனால் இடம் கிடைக்கிற அளவுக்கு இல்லை, மாநிலப் பல்கலைக்கழகத்தில்தான் எம்.எஸ்சி. முடித்தேன். ஆகவே கணிதம் எடுத்தால் ஐஐடி நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொரு பக்கம், எம்.சி.ஏ. வேதியியல் முடித்துவிட்டு மனம் மாறுகிறவர்கள் வகுப்புக்கு நாலு பேராவது இருப்பார்கள். அதற்குப் பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான விதி. முதல் குரூப் ஆட்களுக்குப் பள்ளிக் கணிதமே போதும், எனவே இதை மட்டும் வைத்து அல்லைடு கணிதம் எடுக்கத் தேவையில்லை.

விலங்கியல் தெளிவாக ஜெயிக்கிற இடமும் இருக்கிறது. எம்.எஸ்சி. உயிர்வேதியியல் பக்கம் போகிற எண்ணம் இருந்தால், வேதியியல் பட்டதாரிகளிடம் உயிரியல் அல்லைடு கேட்கிற பல்கலைக்கழகங்கள் உண்டு. அப்படியொரு ஆசை இப்போதே மனதில் இருக்கிறது என்றால் நான் சொன்னதையெல்லாம் விட்டுவிட்டு விலங்கியலில் டிக் அடிக்கலாம். சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கையேட்டை மட்டும் இன்றைக்கே ஒருமுறை புரட்டிவிட வேண்டும். பள்ளி ஆசிரியர் வேலைக்கும் அது கொஞ்சம் கைகொடுக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை அறிவியல் என்றால் உயிரியலையும் சேர்த்துத்தான் நடத்த வேண்டும். ஆனால் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) இரண்டாம் தாளில் 60 மதிப்பெண்ணுக்குக் கணிதமும் அறிவியலும் ஒன்றாகவே வருகின்றன, அதனால் அங்கே ஆட்டம் சமம்தான். உயிர்வேதியியல் வழியில் போனவர்கள் பிறகு என்ன வேலை பார்க்கிறார்கள் என்று எனக்கு நெருங்கித் தெரியாது. அந்தப் பக்கம் போன ஒரே ஒரு தோழியைத் தெரியும், அவளை வைத்து ஒரு கூட்டத்தை எடைபோட முடியாது.

என் வேலையைச் சொன்னால் கணிதக் கட்சிக்கு அது கொஞ்சம் பாதகம்தான். மருந்துத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம். கரைசலில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் ஒரே கரைசலை ஆறுமுறை ஏற்றி, ஆறு விடைகளுக்குள் சிதறல் 2 சதவீதத்துக்கு மேல் போகிறதா என்று பார்ப்பதும், செறிவுக்கும் கருவி வரையும் முகட்டின் பரப்புக்கும் நேர்கோடு போடுவதும்தான் தினசரிக் கணக்கு. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட நான் தொகையிட்டதில்லை, அதை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. அந்த நேர்கோடு ஒருநாள் வளைந்தபோது எங்கே வளைகிறது, ஏன் வளைகிறது என்று நானே தாளில் போட்டுப் பார்த்தேன். அல்லைடு கணிதத்துக்காக நான் பெருமைப்பட்ட ஒரே நாள் அது.

இத்தனையையும் போனில் சொல்லி முடிக்கும்போது மணி பத்தே முக்கால். "சரி மாமா, அப்போ மேத்ஸே போடறேன். ஆனா 43தான் வாங்குனீங்கன்னு அம்மாகிட்ட சொல்லவா?" என்றாள். அக்காவுக்கு அந்த மார்க் இன்றுவரை தெரியாது. அவளிடம் 63 என்று சொல்லி வைத்திருந்தேன்.