விட்ட படிப்பு: அரியரா, தொலைநிலையா, பாலிடெக்னிக்கா?

பி.இ.யைப் பாதியில் விட்டுவிட்டுப் புதுவயல் ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறவருக்கும், தேவகோட்டையில் மாமா கடையைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் திரும்பப் படிக்க மூன்று வழி உண்டு. எது சரி என்பது, படிப்பு எப்படி நின்றது என்பதைப் பொறுத்தது.

எல்லா செமஸ்டரும் உட்கார்ந்து முடித்து, அரியர் (தேர்ச்சி பெறாத பேப்பர்) மட்டும் பாக்கி என்றால் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம், அதை முடியுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் பி.இ.க்குச் சேர்ந்த நாளிலிருந்து 7 ஆண்டு அவகாசம். முதலில் பார்க்க வேண்டியது பழைய இன்டர்னல் மார்க்கை, அதாவது கல்லூரியே போட்ட மார்க்கை. 2017 விதிமுறையில் இன்டர்னல் 20, எழுத்துத் தேர்வு 80, தேர்ச்சிக்கு மொத்தம் 50. இன்டர்னலில் 14 இருந்தால் தேர்வில் 80-க்கு 36 போதும். 8 மட்டும் இருந்தால் 42 எடுக்க வேண்டும். ஆகவே இன்டர்னல் நன்றாக இருக்கும் பேப்பரை முதலில் எழுதுவது புத்திசாலித்தனம். அவகாசம் தாண்டியவர்கள் சிறப்பு வாய்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதுதான். 2021-இல் அப்படி ஒன்று வந்தபோது சிறப்புக் கட்டணமே 5000 ரூபாய்.

அட்டெண்டன்ஸ் குறைந்து செமஸ்டரே போனவர் கதை வேறு. தேர்வுக் கட்டணம் கட்டி எழுத முடியாது. மறுசேர்க்கைக்குக் கல்லூரி வழியாகத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் அனுமதி வாங்கி, அதே செமஸ்டர் நடக்கும் பருவத்தில் வகுப்பில் போய் உட்கார வேண்டும். இதற்குள் விதிமுறை மாறியிருந்தால் கூடுதல் பாடங்களும் தலையில் விழும். இரண்டு செமஸ்டருக்கு மேல் இப்படி இழந்தவர் அடுத்த இரண்டு வழிகளைப் பார்ப்பது நல்லது.

வேலையை விடமுடியாதவருக்குத் தொலைநிலை. காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது, மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவும் உண்டு. பி.இ.யைத் தொலைநிலையில் படிக்க முடியாது, அதனால் பி.காம்., பி.பி.ஏ. என்று முதலிலிருந்து 3 ஆண்டு. சேருமுன் யுஜிசி-யின் (பல்கலைக்கழக மானியக் குழு) டி.இ.பி. ஐ.டி., அதாவது தொலைநிலை மாணவருக்கான அடையாள எண், எடுத்தாக வேண்டும். இக்னோவில் 3 ஆண்டுப் படிப்பை 6 ஆண்டுவரை இழுக்கலாம். அங்கே பலர் சறுக்குவது அசைன்மெண்டில்: 30 சதவீதம் அதற்குத்தான், தேர்வில் நல்ல மார்க் வாங்கியும் அதை அனுப்பாமல் விட்டால் அந்தப் பாடம் முடியாது.

பாலிடெக்னிக் என்றால், பிளஸ் டூ-வில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். 2 ஆண்டில் டிப்ளமோ, அதன்பின் பி.இ. இரண்டாம் ஆண்டு. கைவேலையில் நாட்டம் உள்ளவருக்குப் பொருந்தும், ஆனால் பகல் முழுக்க வகுப்பு. அந்த நேரத்தில் கடையில் உட்கார முடியாது.

எந்த வழியானாலும் டி.சி.யும் பிளஸ் டூ ஒரிஜினலும் கையில் வேண்டும். பாக்கிக் கட்டணத்துக்காகப் பழைய கல்லூரி சான்றிதழைப் பிடித்து வைத்திருந்தால் சண்டை போடலாம், யுஜிசி 2018-லேயே அதைத் தடுத்துவிட்டது. எழுத்துமூலம் கேளுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள்.