கருப்பைப் புற்றுநோய் முற்றிய நிலையில்: கீமோ மட்டுமா, கூட இம்யூனோதெரபியுமா?

அக்காவுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய், நான்காம் நிலை. எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று கார்போபிளாட்டின், பாக்ளிடாக்சல் இரண்டும் சேர்ந்த கீமோ மட்டும். இன்னொன்று அதே கீமோவோடு டோஸ்டார்லிமாப், பெம்ப்ரோலிசுமாப் மாதிரியான இம்யூனோதெரபி மருந்து ஒன்று. நாங்கள் எடுத்தது இரண்டாவது. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதைச் சொல்லிவிட்டேன், அதை மனதில் வைத்தே படியுங்கள்.

வயது, நோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது, அறுவை சிகிச்சையில் கட்டியை மிச்சமில்லாமல் எடுக்க முடிந்ததா, செல் என்ன வகை (சீரஸ் என்றால் முரட்டு வகை), நோயாளி எழுந்து நடமாடும் தெம்போடு இருக்கிறாரா... ஆயுளைத் தீர்மானிப்பதில் இவை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. டாக்டரே சொல்லிவிடுவார், பெரும்பாலானவை நம் கையிலும் இல்லை.

கீமோ மட்டும் என்பது எல்லோருக்கும் அத்துப்படியான பாதை. 3 வாரத்துக்கு ஒரு முறை, பெரும்பாலும் 6 சுற்று. முடி கொட்டும், விரல் நுனி மரத்துப்போகும், ரத்த அணுக்கள் குறையும். எது வந்தால் என்ன செய்வது என்று பல வருடமாகத் தெரியும், அதைவிட முக்கியம், இது ஒரு நாள் முடியும்.

சரி, அப்புறம் ஏன் இன்னொரு மருந்து? எல்லாம் எம்.எம்.ஆர் என்ற ஒரே பரிசோதனையில் இருக்கிறது. செல் பிரியும்போது டி.என்.ஏ.வில் விழும் பிழைகளைத் திருத்த நான்கு முக்கியப் புரதங்கள் உண்டு: எம்.எல்.எச்1, பி.எம்.எஸ்2, எம்.எஸ்.எச்2, எம்.எஸ்.எச்6. அக்காவின் ரிப்போர்ட்டில் முதல் இரண்டுக்கும் நேராக ‘இழப்பு’, மற்ற இரண்டுக்கும் ‘உள்ளது’ என்று இருந்தது. இந்தப் புரதங்களில் ஒன்று போனாலும் கட்டியில் பிழைகள் குவிகின்றன, அந்தப் பிழைகளால்தான் உடம்பின் எதிர்ப்பு சக்திக்குக் கட்டி அந்நியமாகத் தெரிகிறது. கட்டி அதற்குப் போட்டு வைத்திருக்கும் பிரேக்கை விடுவிப்பதுதான் இம்யூனோதெரபியின் வேலை.

2023-இல் வெளியான ரூபி ஆய்வைப் பாருங்கள். இந்தக் குறைபாடு உள்ளவர்களில் 24 மாதம் கழித்தும் நோய் வளராமல் உயிரோடு இருந்தவர்கள் டோஸ்டார்லிமாப் சேர்த்த பக்கம் 61.4%, கீமோ மட்டும் என்ற பக்கம் 15.7%. அதே ஆண்டு பெம்ப்ரோலிசுமாபை வைத்து நடந்த ஜி.ஒய்018 ஆய்விலும் 12 மாதத்தில் 74%, 38% என்றுதான் வந்தது. புற்றுநோய் மருந்துகளில் ஒரு மாதம், இரண்டு மாதம் கூடினாலே பெரிய செய்தி, அந்தப் பின்னணியில் இது சாதாரண வித்தியாசம் இல்லை.

ஆனால் இந்தக் குறைபாடு இருப்பது ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான். மற்றவர்களுக்கும் பலன் உண்டு, அளவு சிறியது: ஜி.ஒய்018-இல் நோய் வளராத காலத்தின் இடைநிலை 8.7 மாதத்திலிருந்து 13.1 மாதமானது. அந்த நிலையில் நாங்கள் என்ன முடிவெடுத்திருப்போமோ, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. என் அனுபவம் ஒரு பக்கத்தது மட்டுமே.

இம்யூனோதெரபியின் தொல்லை வேறு மாதிரி. கீமோ முடிந்த பிறகும் 6 வாரத்துக்கு ஒரு முறை தொடரும், பெம்ப்ரோலிசுமாப் என்றால் மொத்தம் சுமார் 2 வருடம், டோஸ்டார்லிமாப் 3 வருடம் வரை. எதிர்ப்பு சக்தி நம் உறுப்புகள் மீதே திரும்பலாம்: தைராய்டு, குடல், நுரையீரல், கல்லீரல். மருந்தை நிறுத்திப் பல மாதம் கழித்துக்கூட வரும். பேதி வந்தால் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது, உடனே போன் செய்ய வேண்டும், சில நேரம் ஸ்டீராய்டு தேவைப்படும். ஏற்கெனவே ஆட்டோஇம்யூன் நோய் உள்ளவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் விஷயத்தில் டாக்டர்கள் தயங்குவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. அக்காவுக்குத் தைராய்டு மந்தமாகி இப்போது தினமும் ஒரு மாத்திரை. கிடைத்ததோடு ஒப்பிட்டால் எங்களுக்கு அது பெரிய விலையாகப் படவில்லை.

எம்.எம்.ஆர் பரிசோதனை செய்யாமலே கீமோ மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். புதிதாகச் சதை எடுக்க வேண்டியதில்லை, பயாப்ஸியின்போது பாரஃபின் மெழுகில் பதித்து வைத்த திசுவே போதும்.

எம்.எல்.எச்1 போயிருந்தால் மெத்திலேஷன் (ஒரு ரசாயன முத்திரை விழுந்து அந்த மரபணு அணைந்துபோவது) சோதனையையும் கேட்டு வாங்குங்கள். அக்காவுக்கு மெத்திலேஷன் இருந்தது, அப்படியென்றால் பரம்பரையாக வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இல்லாமல் போனால் லிஞ்ச் சிண்ட்ரோமா (கருப்பை, பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பரம்பரைக் கோளாறு) என்று பார்க்க ரத்தப் பரிசோதனை வேண்டும். அது உறுதியானால் கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சோதனை, அவர்களில் யாருக்கு இருக்கிறதோ அவர்களுக்குக் காலாகாலத்தில் கொலோனோஸ்கோபி.