12ஆம் வரி எங்கே போச்சு? வோர்டு, லிப்ரே, கூகுள் டாக்ஸ்: ஓர் அலசல்

"டீச்சர், 12ஆம் வரியில 'அயர்ந்து'ன்னு ஒரு சொல்லே இல்லையே!"

சென்ற தவணையில் என் துணைப்பாட வகுப்பில் நடந்தது. தொடக்கநிலை 6 கருத்தறிதல் தாள். வீட்டில் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் தட்டச்சு செய்து, வோர்டின் டாக்எக்ஸ் வடிவில் சேமித்து, சிங்கப்பூரின் பிராஸ் பாசா பக்கம் ஓர் அச்சுக் கடையில் கொடுத்தேன். அங்கே இருந்தது வோர்டு. ஃபைல் பழுதில்லாமல் திறந்தது. ஆனால் நான் பயன்படுத்திய எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை. வேறொன்று வந்து உட்கார, வரிகள் வேறு இடத்தில் மடங்கி, 'அயர்ந்து' 13ஆம் வரிக்குப் போய்விட்டது. 20 தாளிலும் பேனாவால் திருத்தினேன். "அப்ப 17ஆம் வரி டீச்சர்?" என்றான் இன்னொருவன்.

லிப்ரேயின் ஃபைல் வடிவமான ஓடிடி 2006இலும் வோர்டின் டாக்எக்ஸ் 2008இலும் ஐஎஸ்ஓ என்ற அனைத்துலகத் தர அமைப்பின் தரம் பெற்றவை. காகிதத்தில் இரண்டும் திறந்த வடிவங்கள்தாம். ஆனால் வோர்டு வழக்கமாகச் சேமிப்பது, தன் பழைய பதிப்புகளின் பழக்கங்களையும் சுமந்து வரும் 'டிரான்ஸிஷனல்' வகையில். அந்தப் பழக்கங்களை மற்ற மென்பொருள்கள் ஓரளவு ஊகித்துத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்துக்கு லிப்ரே நன்றாகவே ஈடுகொடுக்கிறது. வோர்டின் காலிப்ரி எழுத்துரு இல்லாவிட்டால் அதே அகலமுள்ள கார்லிட்டோவைப் போட்டுக்கொள்ளும், பக்கம் குலையாது. விண்டோஸின் தமிழ் எழுத்துருக்களான லதாவுக்கோ நிர்மலாவுக்கோ அப்படி ஓர் இரட்டைப் பிறவி அதனுடன் வருவதில்லை. இன்னொரு வம்பும் உண்டு. லிப்ரேயின் பாணி அமைப்பில் மேற்கத்திய எழுத்துக்கு ஓர் இடம், தமிழ் போன்றவற்றுக்கு 'சிடிஎல்' (சிக்கலான எழுத்தமைப்பு) என்று தனி இடம். முதலாவதில் மட்டும் மாற்றிவிட்டு, 'தமிழ் மாறவே இல்லையே' என்று நான் அரைமணி நேரம் முழித்திருக்கிறேன்.

கூகுள் டாக்ஸ் பிள்ளைகளுக்குப் பழகிய இடம். இரண்டு ஆசிரியர்கள் ஒரே தாளில் ஒரே நேரத்தில் வேலை செய்ய இதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் கணினியில் நிறுவிய எழுத்துரு அதற்குத் தெரியாது. தன் பட்டியலில் உள்ளதைத்தான் காட்டும். வோர்டில் பெட்டி கட்டி எழுதிய குறிப்புகள் இங்கே வந்தால் இடம் மாறிக் கிடக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ், காட்டமரான் போன்ற தமிழ் எழுத்துருக்கள் பட்டியலில் இருப்பது ஆறுதல்.

ஐபேடின் எழுத்து மென்பொருளான பேஜஸை நான் எட்டிப் பார்த்ததோடு சரி. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய ஃபைல்களுக்கோ வோர்டு, லிப்ரே, கூகுள் டாக்ஸ் மூன்றில் எதுவும் உதவாது. நா. கோவிந்தசாமியின் 'கணியன்' தமிழ் மென்பொருள் காலத்துச் சிங்கப்பூர்க்காரர்களிடம் அப்படி நிறைய இருக்கும். முதலில் யூனிகோடுக்கு எழுத்து மாற்றி, பிறகுதான் மற்றதெல்லாம்.

என் தேர்வு? மற்றவர் திருத்த வேண்டிய தாள் என்றால் கூகுள் டாக்ஸ், நோட்டோ எழுத்துருவில். அந்த எழுத்துரு இலவசம் என்பதால் வீட்டுக் கணினியிலும் அதையே நிறுவிவிட்டேன். எதிராளி வோர்டை விடமாட்டார் என்றால் நானும் வோர்டுக்கே போய்விடுவேன்; நடுவில் நின்று மல்லுக்கட்டுவதில் பயனில்லை. தனியாக எழுதுவதற்கு லிப்ரே. அதில் பலரும் கவனிக்காத ஒரு வசதி: பிடிஎஃப் ஆக்கும்போதே மூல ஓடிடி ஃபைலையும் உள்ளே பொதிந்துவிடலாம். கடைக்காரர் திறந்தால் வரி நகராத பிடிஎஃப். வீட்டில் லிப்ரேயில் திறந்தால் திருத்தக்கூடிய தாள். இந்தத் தவணையில் 'அயர்ந்து' 12இலேயே இருக்கிறது.