யோங்பியோனில் கடன், நடான்ஸில் ரொக்கம்

அணுகுண்டை நோக்கி நகரும் பகை நாட்டோடு அமெரிக்கா பேசிப் பார்த்ததில் இரண்டு பேரங்கள் முக்கியமானவை. 1994-இல் ஜெனீவாவில் வடகொரியாவோடு. 2015-இல் வியன்னாவில் ஈரானோடு, இதில் மற்ற வல்லரசுகளும் கூட இருந்தன.

ஜெனீவா முழுக்கக் கடன் கணக்கு. வடகொரியாவின் யோங்பியோன் அணு உலையை இப்போது நிறுத்து, ஆண்டுக்கு 5 லட்சம் டன் எண்ணெய் தருகிறோம். 2003 வாக்கில் மின்சாரத்துக்கு இரண்டு புது உலைகள் கட்டித் தருகிறோம். பழையதை அப்புறம் இடித்துக்கொள்ளலாம். உலை நிஜமாகவே நின்றது. எட்டு ஆண்டுகள் அங்கே குண்டுக்கு வேண்டிய புளூட்டோனியம் பிரிக்கவில்லை. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆனால் எண்ணெய் தாமதமாக வந்தது. புது உலைக்குக் கான்கிரீட் போட்டதே 2002 ஆகஸ்டில்தான். வடகொரியாவும் சும்மா இல்லை, குண்டுக்கு இன்னொரு பாதையாக மறைவில் யுரேனியம் செறிவூட்டும் வழியைத் தேடியது. அது வெளியே வந்ததும் எண்ணெய் நின்றது. 2006 அக்டோபரில் குண்டு வெடித்துப் பார்த்தார்கள்.

வியன்னாவில் கையில காசு, வாயில தோசை. யுரேனியத்தைச் செறிவூட்டும் சுழல் எந்திரங்களான சென்ட்ரிஃபியூஜ்களைச் சுமார் 19,000-இலிருந்து 6,104 ஆகக் குறை. செறிவூட்டிய யுரேனியக் கையிருப்பு 300 கிலோ, செறிவு 3.67 சதவீதம், அதற்கு மேல் கூடாது. புளூட்டோனியம் தரக்கூடிய அராக் உலையின் நடுக்கலத்தில் கான்கிரீட் ஊற்று. ஈரான் சுமார் 11 டன் யுரேனியத்தை ரஷ்யாவுக்குக் கப்பலேற்றியது. சர்வதேச அணுசக்தி முகமை பார்த்து, சரி என்ற பிறகுதான் 2016 ஜனவரியில் தடைகள் விலகின. யுரேனியத்தைச் சுரங்கத்திலிருந்தே கண்காணித்தார்கள். ஜெனீவாவில் விட்ட ஓட்டை அதுதான். ஏவுகணையைத் தொடவில்லை, பல வரம்புகள் 10, 15 ஆண்டில் காலாவதி என்பது குறைதான். இருந்தாலும் கட்டமைப்பில் எனக்கு வியன்னாதான் மேல்.

வேடிக்கை என்னவென்றால், கடன் பேரம் எட்டு ஆண்டு தாங்கியது. ரொக்கப் பேரத்தை விட்டு அமெரிக்கா மூன்றே ஆண்டில், 2018 மேயில், வெளியேறியது. தோசை உள்ளே போன பிறகு கொடுத்த காசைப் பிடுங்கிய கதை. இரண்டுமே அமெரிக்க செனட் ஒப்புதல் பெற்ற உடன்படிக்கைகள் அல்ல. அதிபர் மாறினால் ஆட்டம் மாறும். 2021-இல் ஈரான், குண்டுக்கு நெருக்கமான 60 சதவீதச் செறிவுக்குப் போனது.

குண்டு போடுவதுதான் மூன்றாவது வழி. 2025 ஜூனில் ஈரானின் செறிவூட்டும் ஆலைகளான ஃபோர்டோவிலும் நடான்ஸிலும் அமெரிக்கா போட்டது. முன்பு கையிருப்பைக் கிலோ கணக்கில் எடைபோட்டுச் சொன்ன முகமையால், அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஈரானின் 400 கிலோவுக்கு மேற்பட்ட 60 சதவீத யுரேனியத்தைப் பார்க்கக்கூட முடியவில்லை.